காவல் நாய்க்கு வாங்கும் பிறநாட்டுணவு: அவித்தால் நீங்குவனவும் நீங்காதனவும்

வயலிலே காவற்கொட்டிலும் தோட்டத்திலே மரக்கறிப் பாத்தியும் உடைய கமக்காரர் நாயொன்று வளர்க்காதிருத்தல் அரிது. இரவிலே காட்டுப்பன்றி வயலில் இறங்குவதையும், பகலிலே குரங்கும் மயிலும் பயிரைக் குலைப்பதையும் முதலில் அறிவிப்பது அதுவே. முன்னாளில் வீட்டுச் சோற்றின் மிகுதியும் மீன் தலையும் அதற்கு உணவாயின. இப்பொழுதோ பிறநாடுகளிலிருந்து வந்த உலர்ந்த நாயுணவு பட்டினக் கடைகளில் மாத்திரமன்றிச் சந்திக் கடைகளிலும் கிடைக்கின்றது. சில கடைகளிற் பையைத் திறந்து வைத்துக் கிலோக்கணக்கில் நிறுத்தும் கொடுக்கின்றனர்.

இவ்வுணவு தன்னளவில் தீயதன்று. நன்கு செய்யப்பட்டு நன்கு பேணப்பட்டதாயின் நாய்க்கு வேண்டிய யாவும் அதில் உண்டு. ஆயினும் ஈரம்பட்ட பையும் காலங்கடந்த பையும் பாதி விலைக்குக் கிடைக்கும்பொழுது, "வெயிலிற் காயவிட்டு அவித்துக் கொடுத்தால் ஒன்றும் செய்யாது" என்றெண்ணி வாங்குவோர் பலர் உளர். நாய் தின்ன மறுத்தால் கோழிக்கும், கோழிக்கு மிஞ்சினால் மாட்டுக்கும் அதனைக் கொட்டுவாரும் உளர். இவ்வெண்ணத்தில் எவ்வளவு உண்மை, எவ்வளவு பிழை என்பதை நீங்கள் அறிதல் வேண்டும்.

இப்பிழையை நானும் செய்ததுண்டு. பயிற்சி முடித்துக் கடமையேற்ற முதலாண்டிலே, மாரி காலத்தில், ஒரு கமக்காரர் ஒழுக்கில் நனைந்த பையொன்றைக் கொண்டுவந்து காட்டினார். மேற்பக்கத்தில் உணவு கட்டிபட்டுப் பச்சை நிறப் பூஞ்சணம் பிடித்திருந்தது. கட்டிபட்டதை எறிந்துவிட்டு, மிகுதியை இரண்டு நாள் வெயிலில் உலர்த்தி, நீரில் அவித்துக் கொடுக்கும்படி நான் சொன்னேன். நெல்லையும் சோளத்தையும் பற்றிக் கற்ற எனக்கு அது நியாயமாகவே தோன்றியது. மூன்று கிழமை கழிந்து அவர் நாயைச் சைக்கிளிற் கட்டிக்கொண்டு வந்தார். அதன் கண்ணும் முரசும் மஞ்சளாகியிருந்தன. மிருக வைத்தியர் பார்த்தபொழுது ஈரல் பெரிதும் கெட்டுவிட்டது, நாய் பிழைக்கவில்லை. அவர் என்னைக் கடிந்து ஒரு சொல்லும் சொன்னாரில்லை. பாதிப்பை இன்னும் இருக்கின்றது, கோழிக்குப் போடலாமோ என்று மாத்திரம் கேட்டார். அக்கேள்விக்கு அன்று நான் சொன்ன விடையையும், அதன் காரணத்தையும் இங்கு விரித்துக் கூறுகின்றேன்.

தொழிற்சாலையில் நடைபெறுவது

சோளம், கோதுமை, அரிசித்தவிடு, இறைச்சித்தூள், மீன்தூள் முதலியவற்றை மாவாக்கிக் கலந்து, நீராவி செலுத்தி, திருகுதண்டு சுழலும் குழாயினூடே பேரமுக்கத்துடன் தள்ளுவர். அங்கு வெப்பநிலை 100 பாகை செல்சியசைக் கடக்கும். சிறு துளைவழியே வெளிவரும்பொழுது அக்கலவை பொரிபோல் உப்பும். அதனை வெட்டி, உலர்த்தி, இறுதியாக மேலே கொழுப்பும் சுவையூட்டியும் தெளிப்பர். உலர்ந்தபின் அதிலுள்ள ஈரம் நூற்றுக்குப் பத்துப் பங்களவே. பேணியில் அடைத்த உணவோ, மூடிய பின்னரே 121 பாகையளவில் அமுக்கத்துடன் வேகவைக்கப்படுகின்றது. ஆதலாற் பேணி வீங்காமலும் பொருத்து நசுங்காமலும் இருக்கும்வரை உள்ளிருக்கும் உணவு கிருமியற்றது.

நோய்க்கிருமிகளைப் பொறுத்தமட்டில் இவ்வெப்பம் போதுமானது. சல்மனெல்லா என்னும் பற்றீரியா இவ்வெப்பத்தைத் தாங்காது. ஆயினும் உலருணவிற் கொழுப்பும் சுவையூட்டியும் தெளிப்பது வெப்பமூட்டியதன் பின்னரே என்பதை மறத்தலாகாது. ஐக்கிய அமெரிக்காவில் 2006 முதல் 2008 வரை உலர்ந்த நாயுணவிலிருந்து 79 பேருக்குச் சல்மனெல்லா நோய் தொற்றியது. அவர்களிற் பாதிப்பேரளவினர் இரண்டு வயதிற்கு மேற்படாத குழந்தைகள். தொழிற்சாலையை ஆராய்ந்தபொழுது, சுவையூட்டி சேர்க்கும் அறையிலேயே கிருமி காணப்பட்டது. நோயுற்ற வீடுகளைப் பற்றி ஆராய்ந்தவர்கள், சமையலறையில் வைத்து நாய்க்கு உணவிட்ட வீடுகளிலே குழந்தைகளுக்கு இந்நோய் கூடுதலாகக் கண்டதென அறிந்தனர். நாய் நோய்க்குறி எதுவுங் காட்டாமலே கிருமியைச் சுமந்து திரியக்கூடும்.

ஆதலால் நாயின் பாத்திரத்தை அடுப்படியில் வைக்காதீர்கள். வீட்டுப் பாத்திரங்களோடு சேர்த்துக் கழுவாதீர்கள். உணவை அள்ளிய கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவிய பின்னரே குழந்தையைத் தூக்குங்கள். தவழும் பிள்ளை நாயின் தட்டிலிருந்து எடுத்து வாயிலிடுவதைக் கண்டு சிரிக்கும் பெற்றோரை நான் பல வீடுகளிற் கண்டிருக்கின்றேன், அது சிரிப்பதற்குரியதன்று.

பூஞ்சண நஞ்சு

இனி, முன்னர் கூறிய நாய் இறந்ததன் காரணத்திற்கு வருவோம்.

1960 ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே வான்கோழிக் குஞ்சுகள் ஒரு இலட்சத்திற்கு மேல் மாண்டன. தொற்றுநோயென முதலில் எண்ணினர். கிருமி எதுவும் அகப்படவில்லை. இறுதியில் அவற்றுக்கு இட்ட தீனிலே பிறேசில் நாட்டிலிருந்து இறக்குமதி செய்த கச்சான் பிண்ணாக்குக் கலந்திருந்ததும், அப்பிண்ணாக்கில் அசுபெர்சில்லசு பிளேவசு என்னும் பூஞ்சணம் வளர்ந்து நஞ்சொன்றை விட்டிருந்ததும் தெரியவந்தன. அப்பூஞ்சணத்தின் பெயரைக்கொண்டே அந்நஞ்சுக்கு அபிளாதொட்சின் எனப் பெயரிட்டனர். அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே அமெரிக்காவில் நாய்களுக்குக் காரணந் தெரியாத ஈரல்நோயொன்று கண்டிருந்தது. அதுவும் இந்நஞ்சின் வேலையே எனப் பின்னர் விளங்கிற்று.

நஞ்சு வேறு, பூஞ்சணம் வேறு. பூஞ்சணம் உயிருள்ளது, வெயிலில் உலர்த்தினால் அதன் வளர்ச்சி நிற்கும், அவித்தால் அது சாகும். நஞ்சோ அது வளர்ந்த காலத்தில் உணவினுட் சுரந்துவிட்ட பொருள். சமையலடுப்பின் வெப்பம் அதனை அழிக்கமாட்டாது; நாயுணவுத் தொழிற்சாலையின் வெப்பமும் அதனை முற்றாக நீக்காது. களவெடுத்தவன் இறந்துவிட்டாற் களவுபோன பொருள் திரும்பி வந்துவிடுமோ? மேலும், பூஞ்சணம் கண்ணுக்குத் தெரியாத உணவிலும் நஞ்சு இருத்தல் கூடும். கெட்ட சோளத்தைத் துடைத்து மாவாக்கி உருண்டையாக்கிவிட்டாற் கண்ணால் யாது காணலாம்? 2005 ஆம் ஆண்டின் இறுதியிலும் 2020 ஆம் ஆண்டின் இறுதியிலும் அமெரிக்காவில் நூறு நூறாக நாய்கள் இறந்தமைக்கு, இத்தகைய சோளம் கலந்த, புறத்தோற்றத்திற் குறைவற்ற உலருணவே காரணமாயிற்று.

இந்நஞ்சு எவ்வளவு சிறிய அளவில் தீங்கு செய்யும் என்பதற்கு ஓர் அளவு கூறுவேன். அந்நாட்டில் நாயுணவிற்கு விதித்த எல்லை, நூறு கோடிப் பங்கில் 20 பங்கு. அஃதாவது ஆயிரங் கிலோ உணவில் 20 மில்லிகிராம். ஏறத்தாழ ஒரு நெல்மணியின் நிறை.

எமது தீவிலும் இந்நஞ்சின் பெயர் புதியதன்று. 2021 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இறக்குமதி செய்யப்பட்ட தேங்காயெண்ணெயில் அது காணப்பட்டுப் பெரிதும் பேசப்பட்டதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். எமது வெப்பமும் ஈரமும் இப்பூஞ்சணத்திற்கு மிக உவப்பானவை. 25 முதல் 35 பாகை வரையிலே அது செழித்து வளரும். தானியத்தில் ஈரம் நூற்றுக்குப் பதினான்கைக் கடந்தாற் போதும். ஆதலாற் பிறநாட்டிலிருந்து நஞ்சின்றி வந்த பையும், கடையின் பின்னறையிற் சீமெந்துத் தரையில் இரண்டு மாதம் கிடந்தால் இங்கேயே நஞ்சேற இடமுண்டு. குற்றம் எப்பொழுதும் கடல் கடந்து வருவதன்று.

நாய் இந்நஞ்சினால் எளிதிற் பாதிக்கப்படும் விலங்கு. முதலில் உணவை வெறுக்கும்; சோர்ந்து படுத்திருக்கும்; வாந்தியெடுக்கும். பின்னர் கண்ணின் வெள்ளையும் முரசும் மஞ்சளாகும், சிறுநீர் கடுநிறமாகும், மலம் கருத்து இரத்தங் கலந்திருக்கும். சில நாய்கள் இக்குறிகள் யாதும் இன்றித் திடீரென விழுந்து இறத்தலும் உண்டு. நஞ்சை முறிக்கும் மருந்து கிடையாது. ஆயினும் உணவை உடனே நிறுத்திக் காலந்தாழ்த்தாது மிருக வைத்தியரிடம் கொண்டுசென்றால், ஈரலுக்குத் துணைசெய்யும் மருந்தாலும் நாளத்தில் ஏற்றும் திரவத்தாலும் பிழைப்பனவும் உண்டு. எண்ணெய் பருக்குதல், வேப்பிலைச் சாறு பருக்குதல் என்பன வேண்டா. நோயுற்ற ஈரல் அவற்றையும் சுமக்கவேண்டியதாகும்.

கோழிக்குப் போடலாமோ என்ற கேள்விக்கு வருவோம். நாயைவிடக் கோழி இந்நஞ்சை ஓரளவு தாங்கும் என்பது உண்மை. ஆனால் முட்டை குறையும், குஞ்சுகள் தேறா, வேறு நோய்களைத் தாங்கும் வலிமை கெடும். வாத்துக் குஞ்சுக்கோ இது பெருநஞ்சு. கறவைப் பசு தின்றால் நஞ்சின் ஒரு பங்கு உருமாறிப் பாலில் வரும். அப்பாலைக் காய்ச்சினாலும் அது போகாது. அதனைப் பருகுவது உங்கள் பிள்ளை. ஆகவே அன்று நான் அவருக்குக் கூறிய விடை, "போடவேண்டா, புதைத்துவிடுங்கள்" என்பதே.

யூரியாவை ஒத்த ஒரு கள்ளம்

வெப்பத்தால் நீங்காத இன்னொரு தீங்கு மனிதர் கையாற் சேர்வது. 2007 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வட அமெரிக்காவில் நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் கெட்டு இறக்கத் தொடங்கின. ஆராய்ந்தபொழுது, சீனாவிலிருந்து இறக்குமதி செய்து உணவிற் சேர்த்த கோதுமைப் பசையத்திலே மெலமீன் என்னும் இரசாயனம் கலந்திருந்தது. பிளாத்திக்குத் தட்டும் மேசைப் பலகையும் செய்ய உதவும் பொருளை உணவிற் கலப்பானேன் என நீங்கள் கேட்கலாம். கமக்காரருக்கு இதனை விளக்குதல் எளிது. ஓர் உணவிற் புரதம் எவ்வளவு என அறிய, அதிலுள்ள நைதரசனை அளந்து 6.25 ஆற் பெருக்குவது நெடுநாளைய வழக்கம். யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன் உண்டென நீங்கள் அறிவீர்கள். மெலமீனில் 66 பங்கு உண்டு. ஆதலால் மலிவான மாவிற் சிறிது மெலமீனைக் கலந்தாற் சோதனைச்சாலையின் கணக்கு அதனைப் புரதமிக்க பண்டமெனக் காட்டிவிடும். அதனோடு சயனூரிக்கமிலமும் சேர்ந்திருந்தமையால் அவ்விரண்டும் சிறுநீரகத்திற் பளிங்குகளாய்ப் படிந்து அதன் வழிகளை அடைத்தன.

2004 ஆம் ஆண்டிலே ஆசிய நாடுகள் சிலவற்றில் நாய்கள் இவ்வாறே சிறுநீரகம் கெட்டு இறந்தபொழுது, பூஞ்சண நஞ்சே காரணமெனக் கொண்டனர். மூன்றாண்டு கழித்துப் பேணிவைத்த மாதிரிகளை மீண்டும் சோதித்தபொழுதே உண்மை வெளிப்பட்டது. 2007 இல் நாய்கள் காட்டிய எச்சரிக்கையும் போதியதாகவில்லை. அடுத்த ஆண்டிலேயே சீனாவிற் குழந்தைப் பால்மாவில் அதே மெலமீன் கலக்கப்பட்டு, ஏறத்தாழ மூன்று இலட்சம் குழந்தைகள் நோயுற்றனர். ஆறு குழந்தைகள் இறந்தன.

இக்கள்ளத்தைக் கண்ணாலும் மூக்காலும் அறிதல் இயலாது. உங்களுக்குள்ள காவல், பையிலுள்ள அச்சடித்த சீட்டு ஒன்றே. தீங்கு கண்டறியப்பட்டதும் இன்ன தொகுதி இலக்கமுடைய பைகளைத் திருப்பி எடுப்பதே உலகெங்கும் வழக்கம். திறந்த சாக்கிலிருந்து அள்ளி, வெறும் பொலித்தீன் பையிற் கட்டித் தந்த உணவிற்குத் தொகுதி இலக்கம் ஏது? கிலோவிற்கு ஐம்பது ரூபா குறைவென நிறுத்து வாங்குவோர் இதனைச் சிந்தித்தல் நன்று.

மாட்டிற்கும் ஆட்டிற்கும் ஒருபோதும் ஆகாது

பழுதற்ற, புதிய, விலையுயர்ந்த நாயுணவாயினும் அசைபோடும் விலங்குகளுக்கு அதனைக் கொடுத்தலாகாது. இவ்விடயத்தில் நான் தளர்வு கூறமாட்டேன். பிரித்தானியாவில் 1986 ஆம் ஆண்டில் முதன்முதல் இனங்காணப்பட்ட பித்துப்பசு நோய், இறந்த விலங்குகளின் இறைச்சியும் எலும்பும் அரைத்த தூளை மாடுகளுக்கு ஊட்டியதாற் பரவியது. 1988 இல் அவ்வாறு ஊட்டுதலைச் சட்டத்தால் தடுத்தனர். எனினும் அந்நாட்டில் ஒரு இலட்சத்து எண்பதினாயிரத்துக்கு மேற்பட்ட மாடுகளில் இந்நோய் உறுதிசெய்யப்பட்டது. 1990 இல் வீட்டுப் பூனைக்கும் இதையொத்த நோய் கண்டது. மனிதருக்கும் இது தொற்றியிருக்கின்றதென 1996 இல் அறிவிக்கப்பட்டது. இந்நோயை உண்டாக்குவது பற்றீரியாவும் அன்று, வைரசும் அன்று, உருத்திரிந்த புரதமொன்று. 133 பாகை வெப்பத்தில், மூன்று மடங்கு வளியமுக்கத்தில், இருபது நிமிடம் வைத்தாலும் அது குறையுமேயன்றி முற்றாக அழிந்ததெனச் சொல்லமுடியாது. உங்கள் வீட்டுப் பானையின் வெப்பம் 100 பாகை மாத்திரமே.

நாயுணவிலும் பூனையுணவிலும் இறைச்சித்தூள் உண்டு. எவ்விலங்கின் இறைச்சி என்பது பல பைகளில் எழுதப்பட்டிருப்பதில்லை. ஆதலால் நாய் தின்னாது மிகுந்ததைத் தவிட்டோடு குழைத்துப் பசுவிற்கு வைக்கும் வழக்கம் எவ்வூரிலேனும் இருப்பின் அதனை இன்றே நிறுத்துதல் வேண்டும்.

வாங்குதலும் பேணுதலும்

எமது நாட்டில் விலங்குணவின் இறக்குமதியும் தயாரிப்பும் விற்பனையும் 1986 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்க விலங்குணவுச் சட்டத்திற்கு அமைந்தவை. கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களம் அதனை நடைமுறைப்படுத்துகின்றது. சீட்டிலே இறக்குமதி செய்தவரின் பெயரும் விலாசமும், செய்த திகதியும் முடிவுத் திகதியும், தொகுதி இலக்கமும் உள்ளனவா எனப் பாருங்கள். திகதியின் மேல் வேறொரு திகதி ஒட்டியிருந்தால் அப்பையை வைத்துவிட்டு வாருங்கள். பையைத் தூக்கி அசைத்துப் பார்த்தால் உள்ளே உதிரியாய் ஓசைபடுதல் வேண்டும். கட்டிபட்டிருப்பது ஈரம் புகுந்தமைக்கு அடையாளம்.

ஒரு மாதத்தில் முடியக்கூடிய பையையே வாங்குக. பெரும்பை கிலோக்கணக்கில் மலிவே. ஆயினும் ஒரு நாயுள்ள வீட்டில் அது மூன்று மாதம் கிடக்கும். திறந்த பையை வேறு சாடியிற் கொட்டாது, பையோடேயே மூடியுள்ள தகர வாளியில் வைத்தால் சீட்டும் கூடவே இருக்கும். வாளியை நிலத்திலன்றி மரத்தட்டின் மேல் வையுங்கள். முக்கியமாக, எலி புகாதவாறு மூடுங்கள். நாயுணவின் மணம் எலியை எங்கிருந்தும் அழைக்கும். எலியின் சிறுநீரிலிருந்து வரும் எலிக்காய்ச்சல் வயலிற் கால் வைக்கும் எவருக்கும் அந்நியமானதன்று. அக்காய்ச்சல் நாய்க்கும் வரும், நாயிலிருந்து மனிதருக்கும் வரும். இரவிலே தட்டில் மிகுந்த உணவை அப்படியே விட்டு உறங்கச் செல்லுதல் எலிக்கு விருந்து வைத்தலாகும்.

பணம் செலவிட மனமில்லாதவர் பிறநாட்டுணவு வாங்கவேண்டிய கட்டாயமும் இல்லை. சோறு, அவித்த மீன், சிறிது பூசணி, கிடைக்கும்போது முட்டை என்பவற்றோடு நாய் நன்றாகவே வாழும். வெங்காயம் சேர்ந்த கறியைத் தவிர்த்துவிடுங்கள். ஆயினும் வீட்டுணவு என்றமையாற் காவல் தேவையில்லை என்று கொள்ளற்க. மனிதர் தின்னலாகாதென ஒதுக்கிய பூஞ்சணம் பிடித்த சோளமும் கச்சானும் பிண்ணாக்கும் நாய்க்கும் ஆகா. விதைக்கென வைத்துக் கெட்டுப்போன சோளத்தை நாய்க்கஞ்சியிற் போடுவது, பையிலே வரும் நஞ்சை வீட்டிலேயே விளைவிப்பதாகும்.

நாய் நோயுற்றாற் பையை எறிந்துவிடாதீர்கள். சீட்டோடு கூடிய பையையும், அதிலிருந்து அரைக் கிலோ உணவையும் உலர்ந்த கடதாசிப் பையிற் கட்டி மிருக வைத்தியரிடம் ஒப்படையுங்கள். சோதனைக்கு அனுப்புவதா என்பதை அவர் தீர்மானிப்பார். அதே கடையில் வாங்கிய அயலவருக்கும் அன்றே சொல்லிவிடுங்கள். எஞ்சிய உணவைக் கூட்டெருக் குழியிற் கொட்டலாகாது, கோழி கிளறும். கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் தொலைவாக, முழங்காலளவிற்கு மேல் ஆழமான குழியிலிட்டு, வேறு நாய்கள் தோண்டாதவாறு மேலே கல்லடுக்கி மூடுங்கள்.